புறா இறங்காத மாடி

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். மனை வாங்கிய காலத்தில் என் கணவரும் பக்கத்து வீட்டு அண்ணனும் ஒரே இரும்பு மில்லில் வேலை பார்த்தார்கள். செங்கல் மிச்சமாகும், மேஸ்திரியும் ஒருவரே போதும் என்று இரண்டு பேரும் பேசி வைத்து, கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல இரண்டு வீடு கட்டினார்கள். மாடியும் பொதுதான். நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டைச் சுவர், அவ்வளவுதான். அதைத் தாண்டித் தாண்டித்தான் வடகம் காயவைப்போம், துணி உலர்த்துவோம். இதைப் படிக்கிற யாருக்காவது ‘பேசாமல் வேறு வீடு பார்த்துப் போயிருக்கலாமே’ என்று தோன்றினால், அந்த நடுச்சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். பாதிச் சுவரைப் பெயர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு போக முடியாது.

அண்ணன் தன் பக்கத்து மாடியில் புறா வளர்த்தார். ஆள் நின்று பெருக்கும் உயரத்துக்கு, மரச்சட்டமும் கம்பி வலையும் கொண்டு அவரே அடித்த கூண்டு. அத்தனையும் பந்தயப் புறா. எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்புகிற ஜாதி. பறக்கவிடும் முன் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து நெஞ்சில் விரலை வைத்துப் பார்ப்பார். சளி கட்டியிருந்தால் விரலுக்குத் தெரியும் என்பார். பறக்கிற புறா சீக்கிரம் இறங்கிவிடாமல் இருக்க நீள மூங்கில் நுனியில் ஒரு கறுப்புத் துணியைக் கட்டி ஆட்டுவார். இறக்க வேண்டும் என்றால் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரே ஒரு விசில். துணி ஆடினால் மேலே, விசில் அடித்தால் கீழே. அந்தப் புறாக்களுக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான்.

மில்லில் இரும்பு உருட்டுகிற இடத்திலேயே காலமெல்லாம் நின்றதில் அவருக்குக் காது போய்விட்டது. ரிட்டயர் ஆனபோது பாதி கேட்டது. இப்போது பக்கத்தில் நின்று கத்தினால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். காதுக்கு மிஷின் வாங்கி வைத்தார்கள், இரைச்சல் தாங்கவில்லை என்று கழற்றிப் பீரோவில் போட்டுவிட்டார். அதன் பிறகு அவர் உலகம் மாடிதான். காலையில் ஏறினால் வெயில் ஏறும்வரை இறங்க மாட்டார். நானும் அந்தப் புறாக்களுக்கு நொய் அரிசி போட்டிருக்கிறேன். குறை சொல்லக் கூடாது, பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

எனக்கு இருமல் ஆயுத பூஜை சமயத்தில் ஆரம்பித்தது. எஸ்டேட் காற்றில் இருமாதவர் யார் என்று விட்டுவிட்டேன். சுக்கு, மிளகு, கற்பூரவல்லி எல்லாம் ஆயிற்று. தீபாவளி நெருங்கும்போது மாடிப்படி ஏறினால் மேல்படியில் உட்கார வேண்டியிருந்தது. சாயந்திரமானால் உடம்பு கதகதவென்று காயும். மூச்சை இழுத்தால் பாதி வழியிலேயே நின்றுவிடும். மிச்சப் பாதி எங்கே போகிறது என்றே தெரியாது.

சாதாரணச் சமயமாக இருந்தால் அதையும் பொறுத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் அந்த வருஷம்தான் எங்கள் கம்பெனியில் அந்தப் பேச்சு வந்தது. நான் வேலை பார்ப்பது வால்வு செய்யும் கம்பெனி, இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். சேர்ந்த நாளிலிருந்து கான்ட்ராக்ட்தான். கான்ட்ராக்ட்டை மொத்தமாக எடுத்துவிடப் போகிறார்கள், எங்களில் சிலரை மட்டும் கம்பெனியே பர்மனென்ட் ஆக்கப் போகிறது என்றார்கள். அதற்கு மெடிக்கல் டெஸ்ட். ரத்தம் எடுத்தார்கள், கண் பார்த்தார்கள், கடைசியில் ஒரு குழாயைக் கையில் கொடுத்து ஊதச் சொன்னார்கள். நான் ஊதினேன். இருமல்தான் வந்தது. மறுபடி ஊதினேன். டெஸ்ட் எடுத்த நர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“பொங்கலுக்கு முன்னாடி இன்னொரு வாட்டி வெப்பாங்கக்கா. நல்ல டாக்டரா பாத்து மருந்து சாப்புடு. அதுலயும் இப்டியே வந்தா அவங்க எடுக்க மாட்டாங்க.”

எடுக்கவில்லை என்றால் வெளியேதான். நாற்பதைத் தாண்டியவளை இந்த எஸ்டேட்டில் எந்த கேட்டிலும் புதிதாக உள்ளே விடமாட்டார்கள். என் கணவரின் மில் மூடிய பிறகு அவர் ஷேர் ஆட்டோதான் ஓட்டுகிறார், அதில் வருவது அன்றன்றைக்குச் சரி. வீடு என் சம்பளத்தில்தான் நின்றது. அந்தக் குழாயில் நான் ஊதுகிற மூச்சில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தாக வேண்டும், விஷயம் அவ்வளவுதான்.

பொன்னேரியில் ஒரு நெஞ்சு டாக்டரம்மாவிடம் போனேன். முதல் நாளே கேட்டார்.

“வீட்ல நாய், பூனை, பறவை ஏதாவது வளக்குறீங்களா?”

“இல்ல மேடம். மனுஷங்களுக்கு ஆக்கிப் போடவே நேரம் இல்ல.”

அவரும் சிரித்துவிட்டு, உறிஞ்சுகிற மருந்து எழுதிக் கொடுத்தார். உறிஞ்சினேன். கார்த்திகை வந்ததே தவிர இருமல் போகவில்லை. மூன்றாவது தடவை போனபோது டாக்டரம்மா குனிந்து என் புடவைக் கொசுவத்திலிருந்து எதையோ எடுத்தார். சின்னதாக ஒரு சாம்பல் நிற இறகு. மாடியில் காய்ந்த புடவை.

“இது எங்கிருந்து வந்துச்சு?”

“பக்கத்து ஊட்டுதுங்க மேடம். புறா.”

“பறவை எதுவும் வளக்கலைன்னு சொன்னீங்களே?”

“நான் வளக்கல மேடம். பக்கத்து ஊட்டு அண்ணன் வளக்குறாரு.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “காத்துக்கு எது உங்க வீடு, எது பக்கத்து வீடுன்னு தெரியுமாம்மா?”

எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன பொய்யா சொன்னேன்? கேட்டதற்குப் பதில் சொன்னேன். அடுத்த வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து சொல்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அவர் கேட்டது ஒன்று, எனக்குத் தெரிந்த நியாயம் ஒன்று. இதில் கார்த்திகை வரை வீணாகப் போயிற்று.

“புறாவா இருக்கலாம், கம்பெனித் தூசியாவும் இருக்கலாம்,” என்றார். “கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. வேலைக்கு அதே கம்பெனிக்குப் போங்க. தங்குறத மட்டும் கொஞ்ச நாள் வேற ஊர்ல தங்குங்க. எங்க இருமல் குறையுதுன்னு பாப்போம்.” கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். “இத இப்டியே விட்டா நுரையீரல் தழும்பாயிடும். அப்புறம் எந்த மருந்தும் கேக்காது.”

பெரியபாளையத்துப் பக்கம் இருக்கிற ஆரணியில் என் தங்கை இருக்கிறாள். அவள் வீட்டில் போய்த் தங்கினேன். விடியும் முன்னே பஸ் ஏறிப் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயில் பிடித்துக் கும்மிடிப்பூண்டி வந்து, அதே வால்வுகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். அலைச்சலில் இடுப்பு விட்டுப்போனதே தவிர இருமல் குறைந்தது. சாயந்திரக் காய்ச்சல் நின்றது. ஒரு நாள் பொன்னேரி ஸ்டேஷன் மேம்பாலத்தை நிற்காமல் ஏறி இறங்கிவிட்டு, அட, ஏறிவிட்டேனே என்று திரும்பிப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். மாடியில் அண்ணன் கூண்டைப் பெருக்கிக்கொண்டிருந்தார். வெயிலில் அந்தத் தூள் புகையாக எழும்பி எங்கள் பக்கம் வந்து இறங்கியது. சாயந்திரம் பழைய இருமல் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. இனி எனக்குச் சந்தேகம் எதுவும் பாக்கி இல்லை.

என் கணவரிடம் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது.

“அவருகிட்ட போயி எப்டி கேக்கறது? காது பூட்ச்சி, மில்லு பூட்ச்சி, அந்தப் புறா ஒண்ணு தான் அந்த மனுஷனுக்கு. உனக்குப் பிரசவ வலி வந்தப்போ யாரு வண்டில இட்டுக்கினு போனது? அவரு இன்னா மூணாவது மனுஷனா?”

“மூணாவது மனுஷனா இருந்திருந்தா எப்பவோ ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருப்பேன்யா. அவரா பூட்டாரு, அதான் இருமிக்கினு கெடக்குறேன்.”

“கொஞ்சம் பொறுமையா…”

“பொறுமையா இருந்தா பொங்கல் வந்துடும். நீ வந்து எனக்குப் பதிலா ஊதுவியா?”

அவர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சண்டை என்றால் அவருக்கு உடனே சவாரி வந்துவிடும்.

அண்ணனிடம் நேரே போகாமல் அண்ணியிடம் சொன்னேன். அவர் மனைவி சாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்தால் எனக்கும் சேர்த்து ஜெபம் பண்ணினேன் என்பாள். எல்லாவற்றையும் கேட்டாள், டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பதமா சொல்றேம்மா. நீ ஒண்ணும் கவலப்படாத.”

நான் ஆரணியிலேயே இன்னும் எத்தனை நாள் கிடப்பது? தங்கை வீட்டில் இருப்பது ஒரே அறை. அண்ணி சொல்லிவிடுவாள் என்று நம்பித் திரும்பி வந்தேன். நாள் போனது, புறா போகவில்லை. தினம் காலையில் அண்ணன் கட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று “இன்னாம்மா, நாஷ்டா ஆச்சா?” என்று சிரிப்பார். நான் வாயைப் பொத்தி இருமிக்கொண்டே தலையாட்டுவேன். அவர் திரும்பிக் கூண்டைப் பெருக்குவார். அண்ணியைக் கேட்டால், “சொல்லிட்டேம்மா, பாக்கலாம்னு சொன்னாரு” என்றாள். பாக்கலாமா? சுவருக்கு இந்தாண்ட ஒருத்தி மூச்சு விடமுடியாமல் கிடக்கிறாள், அந்தாண்ட ஒரு மனுஷன் பாக்கலாம் என்கிறார், காலையில் சிரித்துக்கொண்டு நாஷ்டாவும் விசாரிக்கிறார். எனக்கு ஏற்கெனவே மூக்கு நுனியில் கோபம். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க உள்ளே கொதித்தது. கேட்காத காது இதற்கு மட்டும் ரொம்ப வசதி என்று நினைத்தேன்.

மார்கழி பிறந்துவிட்டது. டெஸ்ட் தேதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அன்று ஷிஃப்ட் முடிந்து வந்தவள் துணி எடுக்க மாடி ஏறினேன். மேல்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் கம்பும் சோளமும் கலந்த டப்பாவோடு நின்று புறாக்களுக்கு இறைத்துக்கொண்டிருந்தார். அத்தனை புறாவும் ஒரே நேரத்தில் இறக்கை அடித்து இறங்கியது. அந்தக் காற்று என் முகத்தில் அடித்தது.

எப்படி எழுந்தேன், எப்படிக் கட்டைச் சுவரைத் தாண்டினேன் என்று தெரியாது. டப்பாவை அவர் கையிலிருந்து பிடுங்கி வீசினேன். அது உருண்டுபோய்க் கூண்டில் மோதியது. தானியம் மாடி முழுக்கச் சிதறியது.

“நான் செத்தா தான் உங்களுக்குக் காது கேக்குமாண்ணே? பாக்கலாம்னு சொன்னீங்களாமே, எப்ப பாப்பீங்க? பொணத்த எடுத்தப்புறமா?”

அவர் என் வாயையே பார்த்தார். “இன்னாம்மா? இன்னாச்சு?” என்றார். இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். இருமல் பிடித்துக்கொண்டது. நிற்க முடியாமல் கூண்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். கண் இருட்டியது. சத்தம் கேட்டு அண்ணி ஓடிவந்தாள். என்னைத் தாங்கிப் பிடித்தவள், அண்ணனைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதேதோ காட்டினாள். அவருக்கு எதுவும் புரியவில்லை. கடைசியில் அவர் கையை இழுத்து என் முதுகில் வைத்து அழுத்தினாள்.

அந்தக் கை கொஞ்ச நேரம் அசையவில்லை. அப்புறம் விரல்கள் மட்டும் மெல்ல நகர்ந்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் வந்து நின்றன. நான் இழுத்த மூச்சு ஒவ்வொன்றும் கறகறவென்று அவர் விரலில் போய் இடித்திருக்க வேண்டும்.

“எத்தினி நாளா கீது இது?” என்று அண்ணியைக் கேட்டார். “எனக்கு ஏன் சொல்லல?”

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் அவரிடம் எதுவுமே சொல்லவில்லை.

“எப்டிம்மா சொல்லுவேன்?” என்று என்னிடம் சொன்னாள். “காது போன மனுஷனாண்ட யாரு பேசுறா? எல்லாரும் கைய ஆட்டிட்டுப் போறாங்க. இந்தப் புறாங்களுக்குத் தான் பேச்சு வேணாம். அத எடுத்துட்டா அவரு இன்னா பண்ணுவாரு? உனக்கு மருந்துல சரியாப் பூடும்னு ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன்.”

என் இருமல் சுவர் தாண்டித் தெருக்கோடி வரை கேட்டது. அவருக்கு மட்டும் கேட்கவில்லை. தலையாட்டிக்கொண்டே வாயைப் பொத்துகிறவளைப் பார்த்து அவர் என்ன நினைத்திருப்பார்? வெட்கப்படுகிறாள் என்று நினைத்திருப்பார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அண்ணி மேல் திரும்பியது. அவளைத் திட்டுவதற்கும் மூச்சு இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சர்ச்சுக்குக்கூடப் போகாமல், புறாக்களைப் பிடித்து மூங்கில் கூடைகளில் அடைத்துத் துணி கட்டி, என் கணவரின் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஊத்துக்கோட்டைக்குப் போனார். அங்கே வயல் வைத்திருக்கிற ஒருவர் புறாவும் வளர்க்கிறார், பழைய பந்தயப் பழக்கம். சாயந்திரம் வெறுங்கூடையோடு திரும்பி வந்தார்கள். மாடி அமைதியாக இருந்தது. நான் படி ஏறி, நின்று, நெஞ்சு நிறைய இழுத்துப் பார்த்தேன்.

மறுநாள் எனக்கு மதிய ஷிஃப்ட். காலையில் துணி காயப்போட ஏறினால் அத்தனையும் இருக்கிறது. கூண்டுக்கு மேலே, கட்டைச் சுவர் மேலே, தண்ணீர்த் தொட்டி மேலே, ஒன்று பாக்கி இல்லாமல் வந்து உட்கார்ந்து கழுத்தைக் கழுத்தை ஆட்டுகிறது. அதில் அவருடைய செல்லம் ஒன்று உண்டு. உடம்பு முழுக்க வெள்ளை, வால் மட்டும் கறுப்பு. ‘கறுப்பு வால்காரி’ என்பார். அது என் துணிக்கொடி மேலேயே உட்கார்ந்திருந்தது.

அண்ணன் படியில் ஏறி வந்தார். நான் அவருக்குத் தெரியும்படி வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன்.

“தெரிஞ்சு தானே வுட்டுட்டு வந்தீங்க?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். புதிய இடத்தில் புறா தங்க வேண்டும் என்றால் அதன் நீள இறகைப் பிடுங்கிவிட வேண்டும். முளைக்கிற வரை பறக்க முடியாது. அதற்குள் அங்கே ஜோடி சேர்ந்து முட்டை வைத்தால் அதுதான் அதற்கு வீடு. இது புறா வைத்திருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“றெக்கைல கை வெக்க மனசு வர்லம்மா,” என்றார். “நாலு நாளு அடைச்சு வெய்யி, பழகிடும்னு அவனாண்ட சொன்னேன். அவன் காலைலயே தொறந்து வுட்டுட்டான் போலகீது.”

“உங்களுக்கு மனசு வர்ல. எனக்கு மூச்சு வர்லண்ணே.”

அவர் கீழே போய்ச் சுத்தியலோடு வந்தார். என்னைப் பார்த்து, “முந்தானைய மூக்குல கட்டிக்கினு அந்தாண்ட போ, தூசி” என்றார். கூண்டின் முதல் பலகையில் அடித்தார். புறாக்கள் எல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு மேலே எழும்பின. பலகை பலகையாகப் பிரித்தார், வலையைச் சுருட்டினார். எல்லாவற்றையும் ஓரமாகப் போட்டுவிட்டு அந்தக் கறுப்புத் துணிக் கம்பை எடுத்தார். இறங்க இடமில்லை என்றால் ஊத்துக்கோட்டைக்கே திரும்பிவிடும் என்பது அவர் கணக்கு.

நான் எங்கள் படிக்கட்டு வாசலில் மூக்கில் துணி கட்டிக்கொண்டு நின்றேன். வேலைக்குப் போகவில்லை, போக முடியவில்லை. புறாக்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தன. இறங்க வரும்போதெல்லாம் அவர் கம்பை ஆட்டினார். அவை பந்தயம் என்று நினைத்திருக்கும். மேலே போயின, மறுபடி வந்தன. வெயில் ஏறியது. அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. கீழேயிருந்து அண்ணி, “போதும்யா, எறங்கட்டும் வுடுய்யா” என்று அழுதாள். அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. நான் முன்னால் போய் ஒரு கை அசைத்திருந்தால் நிறுத்தியிருப்பார். நான் அசைக்கவில்லை. டெஸ்ட்டுக்கு நாள் நெருங்கிவிட்டது. எனக்கு மூச்சு வேண்டும்.

பொழுது சாயும்போது புறாக்களால் முடியவில்லை. துணி ஆடுவதையும் பொருட்படுத்தாமல் ஒவ்வொன்றாக விழுகிற மாதிரி இறங்கின. கறுப்பு வால்காரி நேரே வந்து அவர் கையில் உட்கார்ந்தது. அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. அவர் கம்பைச் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அதைக் கவிழ்த்துப் பிடித்து, நெஞ்சில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு இறக்கையை விரித்து, நீள இறகு ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். ஒரு புறா முடிந்ததும் இன்னொரு புறா. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கிக் கூடையில் வைத்தாள். அழுகிறாரா என்று பார்த்தேன். அழவில்லை. அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

விடிந்ததும் கூடைகள் மறுபடி ஊத்துக்கோட்டைக்குப் போயின. திரும்பி வந்த அண்ணன் இரண்டு பக்கத்து மாடியையும் பிளீச்சிங் பவுடர் போட்டு அவரே கழுவினார். எங்கள் பக்கத்துத் துணிக்கொடியைக்கூடத் துடைத்தார். “நீ ஏறி வராத, காயட்டும்” என்று எனக்கு என் கணவர் மூலம் சொல்லி அனுப்பினார்.

டெஸ்ட் அன்று அதே நர்ஸ், அதே குழாய். மூக்கில் கிளிப் போட்டாள். “வயித்துலேர்ந்து ஊதுக்கா. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத,” என்றாள். கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். கழுத்து நரம்பு புடைத்தது, அவள் “இன்னும், இன்னும்” என்றுகொண்டே இருந்தாள். உள்ளே எதுவும் இடறவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கம்பெனி கழிப்பறையில் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான், வேறென்ன.

வீட்டுக்கு வந்ததும் லட்டு வாங்கிக்கொண்டு முதலில் அவர்கள் வீட்டுக்குத்தான் போனேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாஸாயிட்டேண்ணே” என்றேன், கத்தி. வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

“சந்தோசம்மா,” என்றார். லட்டை வாங்கி அப்படியே கையில் வைத்துக்கொண்டார். அண்ணியோடு மாத்திரம் சமையல் கதை பேசிவிட்டு வந்தேன். அதன் பிறகு அவர் மாடிக்குப் போவதே இல்லை என்று அண்ணி சொன்னாள். அந்தக் கம்பு மட்டும் சாய்த்து வைத்த இடத்திலேயே இருந்தது, எடுத்துப் போட யாருக்கும் கை வரவில்லை.

மாசியில் ஒரு சாயந்திரம் துணி எடுக்க ஏறினேன். இப்போது நிற்காமல் ஏற முடிகிறது. கட்டைச் சுவர் மேல் அது உட்கார்ந்திருந்தது. வெள்ளை உடம்பு, கறுப்பு வால். இறகு புதிதாக முளைத்துப் பளிச்சென்று இருந்தது. கூண்டு இருந்த இடத்தையே பார்த்துக் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பியது.

“போ,” என்றேன். போகவில்லை. துணியை உதறினேன். எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஒரே ஒரு புறாதானே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒன்று இருந்தால் இரண்டாகும், பலகை ஓரமாகத்தான் கிடக்கிறது, சுத்தியலும் அவரிடம்தான் இருக்கிறது. டாக்டரம்மா தழும்பு என்று சொன்னது நினைவுக்கு வந்தது. முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு கம்பை எடுத்தேன். அது என் உயரத்துக்கு அடங்கவில்லை. தூக்க முடியாமல் தூக்கி ஆட்டினேன். புறா மேலே போயிற்று. திரும்பியது. மறுபடி ஆட்டினேன். கை வலித்தது, வாய்விட்டு, “இங்க இன்னாடி கீது உனக்கு? போயேன்” என்றேன்.

படியில் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினேன். அண்ணன். அண்ணி கீழேயிருந்து பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மொத்தமும் மாறிவிட்டது, இத்தனை நாளுக்கு அப்புறம் அந்தப் பழைய முகத்தை அன்றுதான் பார்க்கிறேன். கை தானாக வாய்க்குப் போனது. இரண்டு விரல். கன்னம் உப்பியது.

நான் கம்பைப் பிடித்தபடி நின்றேன். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, விசில் அடிங்க என்று சொல்லவும் வரவில்லை. மூக்கைச் சுற்றிய துணிக்குள் என் மூச்சு போய் வந்தது.

அவர் விரலை வாயிலிருந்து எடுத்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார். கட்டைச் சுவரைத் தாண்டி வந்து என் கையிலிருந்து கம்பை வாங்கினார்.

“நீ ஊட்டுக்குள்ள போம்மா,” என்றார். “தூசி.”

நான் இறங்கி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மேலே அந்தத் துணி படபடவென்று அடிக்கிற சத்தம் அவருக்குக் கேட்காது. எனக்கு, அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்து அரிசி களைந்து போட்ட பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தது.